கடனின்மை என்னும் சுகம்



துறவறத்தை மேலெனக் கொண்ட சாசனத்தில் அரிசிக்கும் உப்புக்கும் வீட்டு வாடகைக்கும் இடம் ஏது என்று நம்மவரிலேயே சிலர் வினவுகின்றனர். அவர்கள் பிடகங்களைச் செவ்வனே கேட்டறியாதவர்கள். பகவான் புத்தர் அனாதபிண்டிகருக்கு இல்லறத்தான் அடையத்தக்க சுகங்கள் நான்கு என்று வகுத்துரைத்தார். அறவழியில் தேடிய பொருள் உண்டு என்னும் சுகம், அதனைத் துய்த்து அறமும் செய்யும் சுகம், எவருக்கும் கடன்படாத சுகம், குற்றமற்ற செயலுடைமை என்னும் சுகம் என்பன அவை. முதலிரண்டும் செல்வருக்கு எளிது. மூன்றாவதோ கூலி வேலை செய்வோரும் முயன்று பெறக்கூடியது. ஆதலின் இன்றைய பாடம் அதனைப் பற்றியதாகும்.

கடனைப் பகவான் எவ்வளவு கடுமையாகக் கருதினார் என்பதற்கு விநயமே சான்று. சங்கத்தில் உபசம்பதை பெற வருபவனிடம், நீ கடனற்றவனா என்ற கேள்வி இன்றளவும் கேட்கப்படுகிறது. கடன்காரனுக்குத் துறவு கொடுத்தலாகாது என்பது விதி. பிறிதோரிடத்தில், வறியவன் கடன் வாங்குகிறான், பின் வட்டிக்கு உட்படுகிறான், பின் நெருக்கப்படுகிறான், பின்தொடரப்படுகிறான், முடிவில் கட்டுண்கிறான் என்று படிப்படியாக எடுத்துக்காட்டுகிறார். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தப் படிகளில் ஒன்றேனும் மாறவில்லை.

வைட்ஃபீல்டில் நம்முடன் கூடுவோருட் பலர் கோலார் தங்கவயலைப் பூர்வீகமாக உடையவர்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் பௌத்த சங்கங்கள் தழைத்திருந்த காலத்தை அவர்களுடைய பாட்டனார் கண்டிருப்பர். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டித அயோத்திதாசர், 1907 ஜூன் 19-ஆம் நாள் தம் வாரப் பத்திரிகையைத் தொடங்கியபோது அதன் பெயரிலேயே விலையையும் வைத்தார். ஒரு பைசா! கூலிக்காரன் மடியில் என்ன இருக்கும் என்பதை அறிந்து வைத்த விலை அது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்து ரயிலேறி, பங்காருப்பேட்டை, மாலூர் வழியாக வைட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் இறங்கிக் காவல் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் தையல் வேலைக்கும் செல்வது அவ்வூராரிற் பலருக்கு வாழ்க்கை முறையாயிற்று. சிலர் இங்கேயே வாடகைக்குக் குடியேறினர். வருவாய் சிறிது, நகரமோ பெரிது.

இத்தகையோருக்குச் சிகாலோவாத சூத்திரத்தை எடுத்தோதி, வருவாயை நான்கு பங்காக்குக, ஒரு பங்கைத் துய்க்க, இரு பங்கைத் தொழிலில் இடுக, நான்காவதை இடர்க்காலத்துக்கு வைக்க என்று சொல்லிவிட்டுப் போவது போதாது. அப்போதனை இராஜகிருகத்துக் கிருகபதி ஒருவரின் மைந்தனுக்குக் கூறப்பட்டது. வாடகைக்கே மூன்றிலொன்று போகும் குடும்பம் ஒரு பங்கில் எப்படி உண்ணும்? ஆயினும் அதன் கருத்து நமக்குரியதே. வணிகனுக்கு முதல் அவனுடைய சரக்கு. உழைப்பாளிக்கு முதல் அவனுடைய உடலும் கைத்திறனும் பிள்ளைகளின் கல்வியும். ஆகவே உணவைக் குறைத்தும் பிள்ளையின் பள்ளியை நிறுத்தியும் சிக்கனம் செய்பவன் தன் முதலையே தின்பவன் ஆவான். பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிட்டுச் சீட்டுக் கட்டும் வீடுகளை நான் அறிவேன். அது சிக்கனம் அன்று.

நமக்கு மிகப் பொருந்துவது கோலியர் ஊரான கக்கரபத்தத்தில் தீகஜாணுவுக்கு அருளிய உபதேசம். ஊக்கமுடைய உழைப்பு, தேடியதைக் காத்தல், நல்லோர் கூட்டுறவு, சமஜீவிதம் என்னும் நான்கும் இம்மை நலம் தருவன என்றார் பகவான். சமஜீவிதம் என்பது தராசு பிடிப்பவன் தட்டுகளை நோக்குவதுபோல் வரவையும் செலவையும் நோக்கி, மிகையும் கஞ்சத்தனமும் இன்றி வாழ்தல். சிறிது ஈட்டிப் பெரிதாய்ச் செலவிடுவோனை அத்திப்பழம் தின்பவனுக்கு ஒப்பிட்டார். மரத்தை உலுக்கிப் பல பழங்களை வீழ்த்திச் சிலவற்றையே தின்கிறான் என்று உரைகாரர் விளக்குவர். பொருளிருந்தும் பட்டினியாகச் சாகும் கஞ்சனையும் அங்கேயே பழித்தார். குளத்தின் நான்கு மதகுகளைத் திறந்து வரத்துக்கால்களை அடைத்தால் நீர் குறையுமே, அவ்வாறே பெண்பித்து, குடி, சூது, தீய நட்பு ஆகிய நான்கால் செல்வம் வற்றும் என்றார். வர்த்தூர் ஏரிக்கரையில் வாழ்வோருக்கு மதகை விளக்க வேண்டியதில்லை. குடிக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36,500 ரூபாய். ஐந்தாம் சீலம் காப்பவனுக்கு இத்தொகை கூலி உயர்வாகவே வந்து சேர்கிறது.

நம் நாளில் ஐந்தாவது மதகு ஒன்று உண்டு. அது வட்டி. குடியாதவர், சூதாடாதவர் வீட்டிலும் அது திறந்தே கிடக்கிறது. பத்து வட்டி என்று இயல்பாகச் சொல்கிறோம். 10,000 ரூபாய்க்கு மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000. முதல் அப்படியே நிற்கும். தண்டல் கடனோ இன்னும் தந்திரமானது. 10,000 என்று எழுதி 9,000 கையில் தந்து, நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். 1,000 ரூபாய்தானே போயிற்று என்று எண்ணுகிறோம். ஆனால் முதல் நாளிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருவதால், சராசரியாக நம் கையில் இருப்பது ஏறக்குறைய பாதிதான். கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூற்றுக்கு 78-ஐ ஒட்டும். நான் ஆலையில் இருந்த நாட்களில் சம்பளம் வாங்குவோரின் வரிசை உள்ளே நீளுமுன் வட்டிக்காரரின் வரிசை வாயிலுக்கு வெளியே நின்றிருக்கும்.

பெங்களூரில் வேறொரு மயக்கம் உண்டு. லீசுக்கு வீடு எடுத்தால் வாடகை இல்லை என்று மகிழ்கின்றனர். கைப்பணத்தைக் கொடுத்தால் அது மெய். மூன்று லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் மாதம் 6,000 வட்டி; அதே வீடு 6,000 வாடகைக்குக் கிடைக்குமாயின் அடைந்த இலாபம் யாது? லீசுப் பணம் திரும்பி வருமா என்ற கவலைதான் மிச்சம்.

குழுக்கடனைப் பற்றியும் சொல்லவேண்டும். பெண்கள் பத்துப்பேர் கூடி ஒருவருக்கொருவர் பிணைநிற்பது நல்லதுபோல் தோன்றும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற ஒன்பதுபேரும் அவள் வாசலில் நிற்கிறார்கள். கல்யாணமித்திரர்களாய் இருந்த அண்டை வீட்டார் வசூல்காரர் ஆகிவிடுகின்றனர். இத்தகைய கடன்களின் வசூல் கொடுமை மிகுந்ததனால், கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் மிரட்டிக் கடன் வசூலிப்பதற்கு எதிராக அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. மிரட்டப்படுவோர் வெட்கி ஒளியாமல் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். ஆயினும் சட்டம் மிரட்டலைத் தடுக்குமேயன்றி, வாங்கிய நியாயமான கடனைத் தான் கட்டாது. அதைக் கட்டுவது பௌத்தனின் கடமை. இரண்டாம் சீலம் அதில் அடங்கும்.

எங்கே குறைப்பது? சடங்கில். பௌத்தம் தழுவிய நாம் புரோகிதரை விட்டோம். பந்தலையும் விருந்தையும் விடவில்லை. மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம், காதுகுத்துக்கு ஆட்டுக்கறி, கருமாதிக்கு ஊர்ச் சாப்பாடு, எல்லாம் கடனில். பௌத்த முறைத் திருமணத்துக்குத் திரிசரணமும் பஞ்சசீலமும் சாட்சிகளும் போதும். மொய் வந்து கடன் தீரும் என்பர். மொய்யும் திருப்பித் தரவேண்டிய கடனே, தேதிதான் தெரியாது. இன்னொரு வேடிக்கை: மொய் நோட்டைப் பெட்டியில் பூட்டி வைக்கும் வீட்டில் வரவுசெலவு நோட்டு இருப்பதில்லை. தானத்திற்காகவும் எவரும் கடன் வாங்க வேண்டாம். கைப்பிடி அரிசியும் தானமே.

கடன் உள்ளோர் அதிக வட்டியுள்ளதை முதலில் தீர்க்க வேண்டும். பத்து வட்டிக் கடனை வைத்துக்கொண்டு நகையைப் பெட்டியில் வைத்திருப்பது அறிவன்று. வங்கியில் அடகு வைத்தாலும் வட்டி அதனினும் பன்மடங்கு குறைவு. அதுவும் கட்டவியலாதெனின் விற்றுத் தீர்த்தல் நன்று. சீட்டுச் சேருவோர் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்றதா என்று கேட்டபின் சேர்க. 2023-இல் தொடங்கிய கிருகலட்சுமித் திட்டத்தின் 2,000 ரூபாய் வருகின்ற மாதங்களில் அதை வீட்டுச் செலவில் கலவாமல் நான்காம் பங்காகத் தனியே வைக்கலாம். மருத்துவமனை வாசலில் வட்டிக்காரரைத் தேடாமல் இருக்க அது உதவும்.

இவையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்தே தொடங்கவேண்டும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதுக. எழுத்தறியாத மூத்தோர் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். முதல் மாதம் எதனையும் குறைக்க முயலவேண்டாம். தேநீர்க் காசு உட்பட உள்ளபடி எழுதினால் போதும். மாதக் கடைசியில் வட்டிக்குப் போன தொகையை மட்டும் சிவப்பு மையால் கூட்டி, அரிசிக்குப் போன தொகையின் பக்கத்தில் எழுதிப் பார்க்க. இரண்டாம் மாதத்தில் எதைக் குறைப்பது என்று அந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு இருவரும் பேசி முடிவு செய்யலாம்.