சுவிச்சை அணைத்தால் கரண்டு மிச்சமாகுமா?

எங்கள் வீட்டில் தினமும் இரவு பத்து மணிக்கு ஒரு வேலை தவறாமல் நடக்கும். பாட்டி ஒவ்வோர் அறையாகப் போய், சுவரில் உள்ள பிளக் சுவிச்சுகளை ஒன்று விடாமல் அணைப்பார். டிவி, டிகோடர், ரேடியோ, மைக்ரோவேவ், என் ஹேண்ட்போன் சார்ஜர் எல்லாம் அடங்கிவிடும். ஒரு நாள் வைஃபை மோடமும் சேர்ந்து போய்விட்டது. மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டிய அசைன்மெண்ட் பாதியில் நின்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாட்டி, இதுல பத்து காசுகூட மிச்சமாகாது!"

"நீதான் இஞ்சினியருக்குப் படிக்கிறியே. அளந்து பாத்துட்டுச் சொல்லுய்யா."

பாட்டி பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் வளர்ந்தவர். அங்கே தோட்டத்து ஜெனரேட்டர்தான் கரண்டு கொடுத்தது. பொழுது சாயும்போது வரும், இரவு பத்துக்குப் போய்விடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். அவருடைய பத்து மணிக் கணக்கு அங்கிருந்து வந்தது. அதனால் கிண்டல் செய்வதை விட்டுவிட்டு, நண்பனிடம் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினேன்.

முதலில் ஒரு விளக்கம். ரிமோட்டில் டிவியை அணைத்தால் அது முழுதாக அணைவதில்லை. ரிமோட்டின் அடுத்த கட்டளைக்காக உள்ளே ஒரு சிறு பகுதி விழித்திருக்கும். மைக்ரோவேவின் கடிகாரமும் அப்படித்தான். பழைய ரேடியோ செட்டுகளில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். பாட்டு ஓடாவிட்டாலும் அதற்குள் கரண்டு போய்க்கொண்டே இருக்கும், தொட்டால் இளஞ்சூடு தெரியும். அந்தச் சூடுதான் வீணாகும் கரண்டு.

எங்கள் வீட்டில் மீட்டர் காட்டியது இது. போன் மாட்டாத சார்ஜர்: மீட்டரில் பூஜ்யம்தான், அவ்வளவு சிறிது. டிவி: அரை வாட். மைக்ரோவேவ்: 2 வாட். பழைய ரேடியோ: 7 வாட். 'அணைத்து' வைத்த டிகோடர்: 11 வாட்! சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அந்தப் பெட்டி, மற்ற மூன்றும் சேர்ந்து தின்பதைவிட அதிகம் தின்கிறது.

இனி கணக்கு. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். பயன்படுத்தாத நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், நான்கும் சேர்ந்து மாதம் சுமார் 13 யூனிட் வீணாக்குகின்றன. 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 44.43 சென். அப்படியானால் மாதம் ஐந்தே முக்கால் வெள்ளி. குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கத் தள்ளுபடி உண்டு என்பதால் உண்மையில் இன்னும் குறையும். பாட்டி அணைப்பது இரவு எட்டு மணி நேரத்துக்கு மட்டும். அதில் மிச்சம் 5 யூனிட், இரண்டு வெள்ளிக்குச் சற்று மேல்.

ஆக, பத்து காசுகூட மிச்சமாகாது என்று நான் சொன்னது தப்பு. ஆனால் பில்லே பாதியாகும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. புதிய சாதனங்கள் ஏன் குறைவாக எடுக்கின்றன தெரியுமா? 1999-இல் அனைத்துலக எரிசக்தி அமைப்பு, காத்திருக்கும் சாதனம் எதுவும் 1 வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று முன்மொழிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2013-இல் பல சாதனங்களுக்கு அரை வாட்டாகக் குறைத்தது. அதன் பலன் நம் வீட்டு டிவி வரை வந்திருக்கிறது.

அப்புறம் மற்றவற்றையும் அளந்தேன். சோறு வெந்த பிறகும் 'வார்ம்' நிலையில் கிடக்கும் ரைஸ் குக்கர் 40 வாட் எடுத்தது. காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை விட்டால் மாதம் 12 யூனிட். மற்ற நான்கும் சேர்ந்து வீணாக்குவதற்கு ஏறக்குறைய சமம்! குளியலறை வாட்டர் ஹீட்டர் 3,600 வாட். நான்கு பேர் தலைக்குப் பத்து நிமிடம் சுடுநீரில் குளித்தால் மாதம் 72 யூனிட். ஐந்து நிமிடமாக்கினால் 36 யூனிட் மிச்சம். வீட்டில் அதிக நேரம் குளிப்பது யார்? நான்தான்! பாட்டி பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்.

பாட்டியின் பழக்கத்தில் இன்னொரு நன்மையும் உண்டு, அது பாதுகாப்பு. ஆனால் இடி மின்னலுக்குச் சுவிச்சை மட்டும் நம்பக்கூடாது. அது துண்டிப்பது ஒரே ஒரு கம்பியை, அதுவும் சில மில்லிமீட்டர் இடைவெளியில். மின்னல் வேகத்தில் வரும் அழுத்தம் அதைத் தாண்டிவிடும். டிஷ் கம்பி வழியாகவும் வரலாம். போன வருஷம் சுவிச் அணைத்திருந்தும் எங்கள் பழைய டிகோடர் கருகிப்போனது. வானம் கறுக்கும்போதே பிளக்கையும் டிஷ் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இடி முழங்க ஆரம்பித்த பிறகு கம்பியில் கை வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் அணைக்கவும் வேண்டாம். ஐஸ்பெட்டியை அணைத்தால் உணவு கெடும், மிச்சத்தைவிட நஷ்டம் பெரிது. சார்ஜரைக் கழற்றி வைப்பது நல்லதுதான், ஆனால் பில்லில் தெரியாது.

நம் கிளை நண்பர்களுக்கு ஒரு வேலை. எல்லோரும் சேர்ந்து ஒரு வாட் மீட்டர் வாங்குவோம். வாரம் ஒரு வீடு என்று அளப்போம். கோயில் ஒலிபெருக்கியின் ஆம்ப்ளிஃபையரையும் மறக்க வேண்டாம். பூஜை முடிந்த பிறகும் அதன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

முடிவைப் பாட்டியிடம் சொன்னேன். "அப்ப நான் அணைக்கிறது சரிதானே?" என்றார். "சரிதான் பாட்டி. டிகோடரைப் பகல்லயும் அணைப்போம். மோடத்தை மட்டும் விட்டுடுங்க."

சாமி விளக்குக்குக்கூட அளந்துதான் எண்ணெய் ஊற்றுவார் அவர். அது கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். கிடைத்ததை வீணாக்காமல் இருப்பதும் ஒரு தர்மம் என்று இப்போது புரிகிறது. நான் இப்போது ஐந்து நிமிடத்தில் குளித்து முடிக்கிறேன்.