மாவாஸைத் தேடி: காட்டுப் பாதையும் காலடித் தடமும்



பொழுது சாய்ந்தபின் லயத்துத் திண்ணையில் பெரியவர்கள் கூடிப் பேசும்போது, காட்டோரத்தில் கண்ட உருவங்களைப் பற்றிய கதைகள் எழுவதுண்டு. விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டச் சென்றவர் கண்ட கரிய உருவம், செம்பனைத் தோட்டத்துக்கு அப்பால் கேட்ட ஓலம், ஆற்றங்கரைச் சேற்றில் பதிந்திருந்த பெரிய தடம் என அவை பலவகைப்படும். அத்தகைய கதைகளுள் நம் ஜொகூர் மாநிலத்தை உலகறியச் செய்த கதை ஒன்று உண்டு. அதுவே மாவாஸ் என்னும் காட்டு மனிதனின் கதை. அந்தத் தேடலின் வரலாற்றையும், அதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

மாவாஸ் என்பது யாது?

மலாய் மொழியில் மாவாஸ் என்பது ஓராங் ஊத்தான் குரங்கைக் குறிக்கும் சொல். ஆயினும் இன்று ஓராங் ஊத்தான் போர்னியோ, சுமத்திரா ஆகிய தீவுகளின் காடுகளில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. தீபகற்ப மலேசியக் காடுகளில் அஃது இல்லை. ஜொகூர் மக்கள் மாவாஸ் என்று சொல்வது, மனிதனைப் போல் இரு கால்களில் நடப்பதாகவும் உடல் முழுவதும் உரோமம் மூடியதாகவும் நம்பப்படும் ஒரு பேருருவத்தையே. பூர்வகுடி மக்களிடையே 'ஹந்து ஜாராங் கீகி' என்ற பெயரும் வழங்குகிறது. 'பல் இடைவெளி கொண்ட பூதம்' என்பது அதன் பொருள்.

இத்தகைய கதை நமக்கு மட்டும் உரியதன்று. இமயமலையில் எட்டி என்றும், அமெரிக்காவில் பிக்ஃபூட், அதாவது பெரும்பாதன் என்றும் சொல்வார்கள். பிக்ஃபூட் என்ற பெயர் 1958ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பரவியது. காட்டில் சாலை அமைத்த தொழிலாளர்கள் தங்கள் இயந்திரங்களைச் சுற்றிலும் மிகப்பெரிய காலடித் தடங்களைக் கண்டதாகக் கூறினார்கள். 2002ஆம் ஆண்டு அச்சாலைப் பணியின் ஒப்பந்தக்காரர் இறந்த பிறகு, அவர் குடும்பத்தார் மரத்தால் செதுக்கிய பெரிய பாதங்களை வெளியே காட்டி, அஃது அவர் செய்த வேடிக்கை என்று அறிவித்தார்கள்.

கோத்தா திங்கியில் எழுந்த பரபரப்பு

2005ஆம் ஆண்டின் இறுதியில் கோத்தா திங்கி வட்டாரத்தில், காட்டோரம் மீன்குளம் அமைக்கும் வேலையில் இருந்த தொழிலாளர்கள் சிலர் மூன்று பேருருவங்களைக் கண்டதாகக் கூறினார்கள். இரண்டு பெரியவை, ஒன்று சிறியது என்றார்கள். அப்பகுதியில் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுள்ள காலடித் தடம் காணப்பட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. செய்தி காட்டுத்தீ போல் பரவியது. வெளிநாட்டுத் தொலைக்காட்சியினரும் வந்து சேர்ந்தார்கள்.

2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அப்போது ஜொகூர் மந்திரி பெசாராக இருந்த டத்தோ அப்துல் கனி ஒத்மான், இதனை முறையாகத் தேடிப் பார்க்க மாநில அரசு இசைவதாக அறிவித்தார். சிங்கப்பூரிலிருந்தும் ஆர்வலர் குழு ஒன்று வந்தது. அவ்வாண்டின் நடுவில், மாவாஸின் நிழற்படங்கள் தங்களிடம் இருப்பதாகச் சிலர் கூறினார்கள். ஒரு படத்தின் பகுதியும் வெளியாயிற்று. ஆராய்ந்து பார்த்தபோது, அது மனித இனத்தின் தோற்றத்தைப் பற்றிய பிரெஞ்சு நூல் ஒன்றிலிருந்த படம் என்பது வெளிப்பட்டது. பரபரப்பு அடங்கியது. மாவாஸ் அகப்படவில்லை.

முன்பும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 1953ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அவசரகாலத்தில், பேராக் மாநிலத்தின் துரோலாக் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த சீனப் பெண்மணி ஒருவர், உரோமம் அடர்ந்த கை தம் தோளைத் தொட்டதாகக் கூறி ஓடி வந்தார். அடுத்த நாட்களில் தமிழ்த் தொழிலாளர் ஒருவரும் தம்மைப் பின்னாலிருந்து ஏதோ கட்டிப்பிடித்ததாகக் கூறினார் என்று அக்காலச் செய்திகள் தெரிவிக்கின்றன. ஆகவே இக்கதையில் நம் தோட்டத்து மக்களுக்கும் இடமுண்டு. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எண்ணிவிடுதல் தவறு. மெய்யாகவே அஞ்சினார்கள். ஆனால், எதைக் கண்டு அஞ்சினார்கள் என்பதே வினா.

நான்கு சக்கர உந்து வண்டியில்

மாவாஸைத் தேடுவோர் அதிகம் நாடிய இடம் எண்டாவ் ரொம்பின் காடு. ஜொகூர், பகாங் ஆகிய இரு மாநிலங்களிலும் அது பரவிக் கிடக்கிறது. 1977ஆம் ஆண்டு பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி அளிக்கப்பட்டபோது, பொதுமக்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள், வேலை நிறுத்தப்பட்டது. 1985, 1986ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைக் கழகம் அங்கு விஞ்ஞானிகளை அழைத்துச் சென்று பெரும் ஆய்வு நடத்தியது. அதன் பயனாகக் காட்டின் அருமையை நாடு உணர்ந்தது. பின்னர் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

குளுவாங் அருகிலுள்ள காஹாங் பட்டணத்திலிருந்து, ஜக்கூன் பூர்வகுடி மக்கள் வாழும் கம்போங் பேத்தா வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் செல்ல வேண்டும். செம்பனைத் தோட்டங்களையும் மரம் வெட்டிய காடுகளையும் ஊடுருவிச் செல்லும் மண்பாதை அது. மழை பெய்தால் செம்மண் குழம்பாகிவிடும். சாதாரணக் காரில் எஞ்சினின் விசை இரண்டு சக்கரங்களுக்கே செல்லும். அச்சக்கரங்கள் சேற்றில் வழுக்கினால் கார் நின்றுவிடும். நான்கு சக்கர உந்து வண்டியிலோ விசை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து செல்லும். இரண்டு வழுக்கினாலும் மற்ற இரண்டு இழுக்கும். மெதுவாகச் சென்று மிகுந்த இழுவிசை தரும் தாழ்ந்த கியரும் அதில் உண்டு. வண்டியின் முன்னால் உள்ள உருளையில் இரும்புக் கயிறு சுற்றியிருக்கும். வண்டி புதைந்தால் கயிற்றை ஒரு பெரிய மரத்தில் கட்டி, உருளையைச் சுழற்றி, வண்டி தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்ளும்.

ஆயினும், வண்டி நம்மைக் காட்டின் வாசல் வரைதான் கொண்டு போகும். எஞ்சினின் ஓசை கேட்டதும் விலங்குகள் விலகிப் போகும். சக்கரம் ஏறினால் தடம் அழியும். ஆகையால் அனுபவம் மிக்கவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, பூர்வகுடி வழிகாட்டியைப் பின்தொடர்ந்து நடந்தே செல்வார்கள். நாம் வெறும் சேறு என்று கடந்து செல்லும் இடத்தில், எந்த விலங்கு எப்பொழுது எத்திசையில் சென்றது என்பதை அவர் படித்துச் சொல்வார். தடம் படித்தல் எழுத்துப் படித்தலைப் போன்ற ஒரு கல்வியே.

தடம் சொல்லும் செய்தி

அந்த எழுத்தின் அரிச்சுவடியைச் சிறிது பார்ப்போம். யானையின் தடம் பெரிய வட்டமாக இருக்கும். புலியின் தடத்தில் நான்கு விரல்கள் தெரியும். நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் நகக்குறி பெரும்பாலும் விழுவதில்லை. தாபிர் விலங்குக்கு முன்காலில் நான்கு விரல்களும் பின்காலில் மூன்று விரல்களும் உண்டு.

இனி, நம்மை ஏமாற்றக்கூடிய தடத்துக்கு வருவோம். நம் காட்டில் சூரியக் கரடி வாழ்கிறது. தேனும் கறையானும் தேடித் தின்னும் சிறிய கரடி அது. மனிதனைப் போலவே அதுவும் உள்ளங்காலை முழுவதும் தரையில் ஊன்றி நடக்கும். அதற்கும் ஐந்து விரல்கள். சில வேளைகளில் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று பார்க்கும். நடக்கும்போது பின்காலின் தடம் முன்காலின் தடத்தின்மேல் பாதி விழுந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட பாதம் போல் தோன்றும். அதன்மேல் மழை பெய்து சேற்றின் ஓரம் கரைந்தால், தடம் இன்னும் அகலும். அரையிருளில் அஞ்சிய மனத்தோடு பார்ப்பவருக்கு அது பூதத்தின் பாதமாகவே தெரியும்.

இதனை எவ்வாறு பிரித்தறிவது? மனிதனுக்குப் பெருவிரல் பாதத்தின் உட்புறத்தில் இருக்கிறது. கரடிக்கோ பெரிய விரல் வெளிப்புறத்தில் உள்ளது. விரல்களுக்கு முன்னால் நகக்குறி உள்ளதா என்றும் நோக்க வேண்டும். ஒரு தடத்தோடு நின்றுவிடாமல், தொடர்ந்து வரும் தடங்களையும் அவற்றின் இடைவெளியையும் அளக்க வேண்டும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். தடத்தில் சுண்ணச்சாந்தை ஊற்றி அச்சு எடுத்தால், பிறரும் அதனை ஆராயலாம்.

சான்று எது?

ஒரு விலங்கு ஈராயிரம் ஆண்டு தனியே வாழ முடியாது. ஓரினம் நிலைக்க வேண்டுமானால் ஆணும் பெண்ணும் குட்டிகளுமாகப் பல இருக்க வேண்டும். பல இருந்தால் சாணம் கிடைக்கும், உரோமம் கிடைக்கும், இறந்தவற்றின் எலும்பும் பல்லும் கிடைக்கும். இமயத்து எட்டியினுடையவை என்று பாதுகாக்கப்பட்ட எலும்பு, தோல், உரோமம் முதலிய ஒன்பது பொருள்களை விஞ்ஞானிகள் மரபணு வழியாக ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். எட்டு கரடியினுடையவை; ஒன்று நாயினுடையது.

அப்படியானால் காட்டு மக்களின் சொல்லெல்லாம் வீண்தானோ? இல்லை. வியட்நாமில் நீண்ட கொம்புடைய ஒரு காட்டு விலங்கைப் பற்றி வேட்டைக்காரர்கள் அறிந்திருந்தார்கள், விஞ்ஞானிகள் அறியவில்லை. 1992ஆம் ஆண்டு வேட்டைக்காரர் வீடுகளில் அதன் கொம்புகளைக் கண்டபின் சாவோலா என்ற புதிய இனம் உலகுக்குத் தெரிந்தது. சுமத்திராவின் தாப்பானுலி பகுதியில் வாழும் ஓராங் ஊத்தான் தனி இனம் என்பது 2017ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. காடு இன்னும் புதுமை தரும் என்பது மெய். ஆனால், கொம்பு கைக்கு வந்த பின்னரே சாவோலா நூலில் ஏறியது. மாவாஸுக்கும் அதே நீதிதான். எண்டாவ் ரொம்பின் காட்டு மரங்களில் விஞ்ஞானிகள் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். உடற்சூடுள்ள எதுவும் முன்னால் அசைந்தால், இரவானாலும் பகலானாலும் அவை படம் எடுக்கும். புலியும் யானையும் தாபிரும் கரடியும் அவற்றில் அகப்பட்டன. மாவாஸ் அகப்படவில்லை.

ஓசையின்றி மறைந்த உயிர்

குழந்தைகளே, இக்கதையின் வருந்தத்தக்க பகுதி இனிமேல்தான் வருகிறது. எண்டாவ் ரொம்பின் காட்டில் ஒரு காலத்தில் சுமத்திராக் காண்டாமிருகம் வாழ்ந்தது. உலகக் காண்டாமிருகங்களுள் மிகச் சிறியது. உடலில் உரோமம் உடையது. மூன்று விரல் பதிந்த அதன் தடத்தை ஆய்வாளர்கள் அக்காட்டுச் சேற்றில் அளந்திருக்கிறார்கள். கொம்புக்காக வேட்டையாடப்பட்டும், காடு துண்டு துண்டாகக் குறைந்தும் அந்த இனம் தேய்ந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சபா மாநிலத்தில் பாதுகாப்பில் இருந்த இமான் என்னும் பெண் காண்டாமிருகம் இறந்தது. அதனோடு மலேசியாவில் அவ்வினமே இல்லாமற்போயிற்று.

எண்ணிப் பாருங்கள். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாவாஸைக் காண உலகமே ஜொகூருக்கு ஓடி வந்தது. உறுதியாக இருந்த காண்டாமிருகமோ நம் கண்ணெதிரே மறைந்தது. மலாயாப் புலியும் இன்று நாடு முழுவதும் 150க்கும் குறைவாகவே காடுகளில் எஞ்சியுள்ளதாக மதிப்பிடப்படுகிறது. லாரிப் பாதை வழியே வரும் திருட்டு வேட்டைக்காரர் வைக்கும் கம்பிக் கண்ணிகள் அதற்குப் பெரும் பகை. இல்லாததைத் தேடும் ஆவலில் ஒரு பங்கையேனும் இருப்பதைக் காக்கச் செலவிட வேண்டாமா?

தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர்களுக்கும் இதில் பங்குண்டு. காட்டோரத்தில் அதிகமாகப் புழங்குபவர்கள் நீங்களே. கண்ணி கண்டாலோ, காயம்பட்ட விலங்கைக் கண்டாலோ அருகில் செல்லாமல் வனவிலங்கு இலாகாவுக்குத் தெரிவியுங்கள். பிள்ளைகள் விநோதமான கதை கேட்டு வந்தால் அதட்டாமல், "யார் கண்டார்? எந்த நேரத்தில்? வெளிச்சம் இருந்ததா? தடத்தை அளந்தார்களா?" என்று கேட்கப் பழக்குங்கள். சொன்னவர் யார் என்று பாராமல் உண்மையைக் காண முயல்வதே அறிவு என்பது வள்ளுவப் பெருந்தகை நமக்குக் காட்டிய நெறியன்றோ? அந்நெறியில் நின்று தேடுவோமாயின், மாவாஸ் கிடைக்காவிடினும் நம் காட்டின் மெய்யான செல்வங்கள் நமக்குத் தெரியவரும்.

சிந்தித்து விடை எழுதுக

1. கரடியின் தடம் பெரிய மனிதப் பாதம் போல் தோன்றுவது எப்படி?
2. சாவோலாவை ஏற்ற விஞ்ஞானிகள் மாவாஸை ஏன் ஏற்கவில்லை?
3. நான்கு சக்கர உந்து வண்டி சேற்றிலும் செல்வதற்குக் காரணம் யாது?
4. சுமத்திராக் காண்டாமிருகம் நம் நாட்டில் அழிந்ததற்குரிய காரணங்கள் யாவை?

செய்து பார்க்க: மழை பெய்த மறுநாள் வீட்டின் அருகே ஈரமண்ணில் கோழி, பூனை, நாய் ஆகியவற்றின் தடங்களைத் தேடுக. அளவுகோலால் அளந்து, குறிப்பேட்டில் வரைந்து, தேதியும் நேரமும் எழுதுக. பெரியவர் துணையின்றிக் காட்டோரம் செல்லற்க.