அறுபத்தேழின் வாக்குக் கணக்கு

விடுதியில் பிற மாநில நண்பர்கள் நம்மைப் பார்த்து, "1967-இல் ஆட்சியையே மாற்றியவர்கள் உங்கள் மாணவர்கள்தாமே?" என்று கேட்பதுண்டு. நாமும் மறுப்பதில்லை, கேட்க இனிக்கிறதல்லவா? ஆயினும், முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை கணக்குப் பார்த்தல் நன்று.

1962-இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 206 இடங்கள். காங்கிரசு நூற்றுக்கு 46 வாக்குகள் பெற்று 139 இடங்களைப் பிடித்தது. 1967-இல் இடங்கள் 234 ஆயின. காங்கிரசுக்கு விழுந்தவை நூற்றுக்கு 41 வாக்குகள். கிடைத்த இடங்களோ 51 தாம். வாக்களித்தோர் தொகை பெருகியிருந்தமையால், எண்ணிக்கையில் அக்கட்சி பெற்ற வாக்குகள் முன்னிலும் கூடுதலே! 137 இடங்களை வென்ற திராவிட முன்னேற்றக் கழகத்தின் விழுக்காடோ காங்கிரசினதைவிட மயிரிழை குறைவு.

இஃதென்ன புதிர்? காங்கிரசு 232 தொகுதிகளில் நின்றது. கழகம் 174-இல் மட்டுமே நின்று, எஞ்சியவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டது. நம் தேர்தல் முறையில் வெற்றிக்குப் பாதி வாக்கு வேண்டுவதில்லை. அடுத்தவரைவிட ஒரு வாக்கு மிகுந்தால் போதும். 1962-இலும் காங்கிரசுக்கு வாக்களிக்காதோரே மிகுதி. அவர்தம் வாக்குகள் கழகம், சுதந்திரா, கம்யூனிஸ்டு எனச் சிதறின. 1967-இலோ இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் கழகத்தோடு ஓரணியில் நின்றனர். ஒருவர் பொருளாதாரக் கொள்கை மற்றவர்க்கு வேம்பு. எனினும் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். சிதறிய வாக்குகள் சேர்ந்தன.

அப்படியாயின் மாணவர் பங்கு வெறும் பேச்சுத்தானா? அன்று. 1965-ஆம் ஆண்டின் மொழிப் போராட்டமும், அதன்மேல் வந்த அரிசித் தட்டுப்பாடும் மக்கள் மனத்தைக் காங்கிரசினின்று பிரித்தன. வீட்டில் உலை கொதிக்காதபோது, தெருவில் மாணவன் சொல்வது காதில் ஏறும். முதலமைச்சர் பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்றார். அகில இந்தியக் காங்கிரசுத் தலைவராயிருந்த காமராசரை விருதுநகரில் வென்றவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். வேறுபாடு 1,285 வாக்குகள்.

அத்தொகுதியைப் பற்றி நாம் பெருமை கொள்வது தகும். ஆனால் தோழமைக் கட்சிகளுள் ஒன்று அங்கே தனியாக ஒருவரை நிறுத்தியிருப்பின், அந்த 1,285 நிலைத்திருக்குமா?