மென்பொருள் உருவாக்கத்தில் திறவுகோற் பாதுகாப்பு: ஊபர் நிகழ்வுகளை முன்வைத்து

மறைக்குறியீட்டு முறையொன்றின் வலிமை அதன் அமைப்பை ஒளித்துவைப்பதில் இல்லை, திறவுகோலைக் காப்பதிலேயே உள்ளது என்பது 1883ஆம் ஆண்டில் ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் இராணுவ மறைக்குறியீட்டியல் குறித்துப் பிரெஞ்சில் எழுதிய கட்டுரையின் மையக் கருத்துகளுள் ஒன்றாகும். மூலநிரலை எவரும் படிக்குமாறு வெளியிடும் கட்டற்ற மென்பொருள் மரபு இக்கருத்திற்கு இயைந்தது. நிரல் பொது, திறவுகோல் மறை. இரண்டும் ஒரே கோப்பில் கலக்கும்போது இவ்வேறுபாடு அழிகின்றது.

ஊபர் நிறுவன நிகழ்வுகள் இதற்குத் தக்க சான்றாகும். 2014இல் அந்நிறுவனப் பொறியாளர் ஒருவர் கிட்ஹப் தளத்தில் பொதுவெளியில் இட்ட நிரலில் அமேசான் மேகச் சேமிப்பகத்தின் திறவுகோலும் இடம்பெற்றிருந்தது. அது முழு அதிகாரம் வாய்ந்த திறவுகோல் என்பது கருதத்தக்கது. குறித்த பணிக்கு வேண்டிய உரிமை மட்டும் வழங்கப்பட்டிருப்பின் இழப்பு அப்பணியின் எல்லையோடு நின்றிருக்கும்.

2016இல் ஊடுருவியோர் நிறுவனத்தின் தனிக்களஞ்சியத்திற்குள்ளேயே நுழைந்தனர். பிற தளங்களில் முன்பே கசிந்த கடவுச்சொற்களைப் பொறியாளர்கள் மீண்டும் பயன்படுத்தியமையே வழியாயிற்று. அங்கும் நிரலுக்குள் திறவுகோல் கிடைத்தது, ஏறத்தாழ 5.7 கோடிப் பேரின் விவரங்கள் வெளியேறின. எனவே, களஞ்சியம் தனியார்ந்தது என்பதனாலேயே அதில் திறவுகோலை வைக்கலாம் என்னும் வாதம் ஏற்புடையதன்று. நிறுவனம் ஊடுருவியோருக்கு 1,00,000 டாலர் அளித்து, 2017 நவம்பர் வரை செய்தியை வெளியிடாதிருந்தது. திறவுகோலை மறைக்கத் தவறியோர் கசிவை மறைப்பதில் முனைப்புக் காட்டினர்.

கசிந்த திறவுகோலை நிரலிலிருந்து நீக்கினாற் போதும் எனக் கருதுவது பரவலான பிழை. கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முந்தைய பதிப்புகளையும் பேணுவன. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காண்போர் இதனை எளிதில் உணர்வர்: ஒரு படியில் விடுபட்ட வரி மற்றொரு படியில் நிலைத்திருக்கும். ஆகவே திறவுகோலைச் செல்லாததாக்கிப் புதியது வழங்குவதே முதற்பணி. வரலாற்றைத் தூய்மைசெய்தல் அதன் பின்னரே.

திறவுகோலை நிரலுக்கு வெளியே சூழல் மாறியில் வைப்பது ஓரளவு நன்று. எனினும் பிழைப் பதிவுகளின் வழியே அது வெளிப்படக்கூடும். தனிப் பெட்டகத்தில் மறையாக்கம் செய்து வைத்து, கேட்கும் செயலிக்குக் குறுகிய காலத் திறவுகோலை வழங்கும் முறை மேம்பட்டது.

திறவுகோல் என்னும் உருவகம் இங்கு முற்றும் பொருந்துவதில்லை. வீட்டுத் திறவுகோல் களவுபோனால் உரியவர் கையில் அது இராது. இலக்கத் திறவுகோலோ களவுபோன பின்னும் உரியவரிடமே இருக்கும். இழப்புத் தானாகத் தெரியவராது. குறித்த காலத்தில் அதனை மாற்றுவதும், பயன்பாட்டுப் பதிவுகளை இடையறாது ஆராய்வதும் இதனாலேயே இன்றியமையாதனவாகின்றன.