கைவிட்ட நாட்டுக்காக: ‘மிஸ்டர் சன்ஷைன்’



‘மிஸ்டர் சன்ஷைன்’ 2018 ஜூலை முதல் செப்டம்பர் வரை தென் கொரியாவின் டிவிஎன் தொலைக்காட்சியில் 24 அத்தியாயங்களாக வந்த தொடர். நெட்ஃபிளிக்ஸ் வழியே பிற நாட்டவரும் பார்த்தார்கள். எழுதியவர் கிம் உன்-சுக், இயக்கியவர் லீ உங்-பொக். இந்த இருவர் கூட்டணியில் முன்பு வந்த ‘டிசென்டன்ட்ஸ் ஆஃப் த சன்’, ‘காப்ளின்’ இரண்டும் காதல் கதைகள். இதுவும் காதல் கதைதான். ஆனால் இதன் முக்கிய மாந்தர்களில் பலர், தங்களை மனிதராகவே மதிக்காத நாட்டில் பிறந்தவர்கள். கைவிட்ட நாட்டுக்கு ஒருவன் என்ன கடன்பட்டிருக்கிறான் என்ற கேள்வி தொடர் முழுக்க ஓடுகிறது.

கதை 1871இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கங்ஹ்வா தீவின் கோட்டைகளைத் தாக்கின. கொரியர் தரப்பில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அமெரிக்கர் தரப்பில் மூவர். கொரியத் தளபதி ஓ ஜே-யோனின் கொடியை வென்றவர்கள் எடுத்துப் போனார்கள். அது கொரியாவுக்குத் திரும்பியது 2007இல், அதுவும் இரவலாக. இவை வரலாறு. அதே ஆண்டில் ஒரு பெருந்தனக்காரரின் வீட்டில் நடப்பதாகத் தொடர் காட்டுவது கற்பனை. அங்கே அடிமையாக இருந்த ஒரு பெண்மீது உயர்பதவியிலுள்ள விருந்தாளி கண் வைக்கிறார். கணவனை அடித்தே கொல்கிறார்கள். அவள் அந்த வீட்டுக் கர்ப்பிணி மருமகளின் கழுத்தில் கூர்முனையை வைத்து நேரம் வாங்கி, மகனை ஓடவிட்டு, கிணற்றில் குதிக்கிறாள். தப்பிய சிறுவன் அமெரிக்கா போய், யூஜின் சோய் என்ற பெயருடன் கடற்படைப் பிரிவின் அதிகாரியாகிப் பழைய ஊருக்குத் திரும்புகிறான். லீ ப்யுங்-ஹன் ஏற்ற வேடம் இது.

அவன் திரும்பும்போது சட்டம் மாறிவிட்டது. 1894 சீர்திருத்தம் கொரியாவில் அடிமை முறையை ஒழித்திருந்தது. மனங்களை அது தொடவில்லை என்பதைத் தொடர் கதாநாயகி வழியாகவே காட்டுகிறது; எழுத்தாளரின் துணிச்சல் இங்கேதான். கோ ஏ-ஷின் (கிம் டே-ரி) உயர்குடிப் பெண். தாய் தந்தையர் விடுதலைப் பணியில் உயிர்விட்டவர்கள். தாத்தாவின் கண்டிப்பான வீட்டில் வளர்ந்தபடியே, வேட்டைக்காரர் ஒருவரிடம் ரகசியமாகத் துப்பாக்கி சுடக் கற்றவள். ஓர் இரவு, முகத்தை மூடிக்கொண்டு கூரைமேல் நின்று ஓர் அமெரிக்கனைக் குறிவைக்கிறாள். அதே ஆளை அதே நேரத்தில் யூஜினும் எதிர்க் கூரையிலிருந்து குறிவைக்கிறான். பிறகு அந்தக் கொலையை விசாரிக்கும் பொறுப்பு யூஜினிடமே வருகிறது. காதல் பிறக்கும் இடம் இது.

ஆனால் தொடரின் உச்சம் கூரைக் காட்சி அல்ல. தான் அடிமையாகப் பிறந்தவன் என்று யூஜின் அவளிடம் சொல்லும் கட்டம்தான். நாட்டுக்காக உயிரையே கொடுக்கத் துணிந்தவளின் முகம் அந்த நொடியில் மாறிவிடுகிறது. நீ காப்பாற்றத் துடிக்கும் நாட்டில் அடிமைக்கும் கசாப்புக்காரனுக்கும் இடம் உண்டா என்று அவன் கேட்கிறான். அவளிடம் பதில் இல்லை. சராசரித் தொடர் அடுத்த காட்சியிலேயே அவளை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கும். இங்கே அவள் தன் அதிர்ச்சியைத் தானே நேருக்கு நேர் பார்க்க நாள் பிடிக்கிறது. அந்தத் தாமதம்தான் பின்னால் வரும் காதலுக்கு எடை சேர்க்கிறது.

கைவிடப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கு தோங்-மே கசாப்புக்காரர் மகன். கொரியச் சமூகம் அந்தத் தொழிலாளரைத் தீண்டத்தகாதோராக ஒதுக்கி வைத்திருந்தது. சிறுவனாக உயிருக்குப் பயந்து ஓடியவனைத் தன் பல்லக்கில் ஒளித்துக் காத்தவள் ஏ-ஷின். ஜப்பானில் வாள்வீரனாகித் திரும்பியவன், அவள் பட்ட கடனை மாதம் ஒரு நாணயமாகக் கொண்டுவந்து அடைக்கச் சொல்கிறான். மாதம் ஒருமுறை அவள் முகம் பார்க்க அவனுக்கு வேறு வழியில்லை. குடோ ஹினா, தந்தையாலேயே ஒரு ஜப்பானியக் கிழவருக்கு மனைவியாக விற்கப்பட்டு, விதவையாகி, ஹோட்டல் நடத்துபவள். ஏ-ஷினுக்கு நிச்சயிக்கப்பட்ட கிம் ஹீ-சுங், யூஜினின் பெற்றோரைக் கொன்ற குடும்பத்தின் பேரன். 1871இல் கழுத்தில் கூர்முனையுடன் நின்ற மருமகளின் வயிற்றில் இருந்த பிள்ளை அவன்தான். மதுவும் வேடிக்கைப் பேச்சுமாக அலைபவன் கடைசியில் பத்திரிகை நடத்தி, எழுதியதற்காகச் சித்திரவதைப்பட்டுச் சாகிறான்.

துரோகத்தின் முகமாக வருபவர் லீ வான்-இக். ஹினாவின் தந்தை அவர்தான். ஏ-ஷினின் பெற்றோரின் சாவுக்குக் காரணமானவரும் அவர்தான். 1905, 1910 ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட லீ வான்-யோங் என்ற உண்மை அமைச்சரைப் பெயரே நினைவூட்டுகிறது. ஒரே ஆளிடம் இவ்வளவு தீமையையும் கொட்டியது தொடரின் பலவீனம். வரலாற்றில் துரோகம் இன்னும் அமைதியாக நடந்தது. 1882இல் கொரியாவுடன் நட்பு உடன்படிக்கை செய்த அமெரிக்கா, 1905 நவம்பரில் ஜப்பான் கொரியாவின் வெளியுறவு அதிகாரத்தைப் பறித்ததும் சியோலில் இருந்த தன் தூதரகத்தை மூடிவிட்டது. யூஜின் அணிந்த சீருடை அந்த அமெரிக்காவுடையது. ஏ-ஷினைக் காப்பாற்றப் போய், அந்தச் சீருடையையும் இழந்து அவன் சிறைக்குப் போகிறான்.

1907 ஜூலையில் பேரரசர் கோஜோங் பதவியிறக்கப்பட்டார். ஆகஸ்ட் 1 அன்று கொரியப் படை கலைக்கப்பட்டது. வேலையிழந்த வீரர்கள் பலர், ஊர்ப்புறங்களில் ஆயுதம் ஏந்திய மக்கள் படைகளுடன் சேர்ந்தனர். அவர்களைத் தேடிப்போய்ப் படமெடுத்தவர் கனடாவில் பிறந்த பத்திரிகையாளர் எஃப். ஏ. மெக்கென்சி. அவர் எடுத்த புகழ்பெற்ற படத்தைத் தொடர் தன் மாந்தர்களை நிறுத்தி மறுபடி அமைத்துக் காட்டுகிறது. முன்பு நாட்டால் ஒதுக்கப்பட்ட மூவரும், ஹீ-சுங்கும் முடிவில் உயிர் விடுகிறார்கள். அவர்கள் கொடிக்காகச் சாகவில்லை. நாட்டை நேசித்த ஒருத்திக்காகவும், ஒருவருக்காக ஒருவரும் சாகிறார்கள். ஏ-ஷின் மட்டும் பிழைத்து மஞ்சூரியாவில் அடுத்த தலைமுறைக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறாள். இறுதி அத்தியாயத்தின் பார்வையாளர் வீதம் 18 விழுக்காட்டைத் தாண்டியது; கட்டணத் தொலைக்காட்சிக்கு அது பெரிய எண்.

தொடர் குறை சொல்லப்படாமலும் இல்லை. தோங்-மே முதலில் ‘கருப்பு டிராகன் சங்கம்’ என்ற உண்மையான ஜப்பானிய அமைப்பின் ஆளாகக் காட்டப்பட்டான். ஆக்கிரமிப்பாளருக்குத் துணைபோன அமைப்பின் ஆளை இரக்கத்துக்குரியவனாக்குவதா என்று கொரியாவில் எதிர்ப்பு கிளம்பியதும், தயாரிப்பாளர்கள் வருத்தம் தெரிவித்து, அதைக் கற்பனை அமைப்பாக மாற்றினார்கள். பார்ப்பவர் முதல் அத்தியாயத்தில் பொறுமை காக்க வேண்டும். அடுத்தடுத்துப் பெயர்களும் ஆண்டுகளும் குவியும்; நாயகனும் நாயகியும் பெரியவர்களாகச் சந்திக்கவே நேரமாகும். 1871, 1894, 1905, 1907 ஆகிய நான்கு ஆண்டுகளையும் ஒரு தாளில் குறித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், யார் எப்போது எதற்காகக் கோபப்படுகிறார்கள் என்பது குழப்பமில்லாமல் விளங்கும்.