அணையாத சிவப்பு விளக்கு

உப்புக்காற்று வீசும் மட்டாஞ்சேரியில் வாடகைக் கார் ஓட்டுபவருக்கு ஆல்டர்னேட்டரை மாற்றுவது பெருஞ்செலவாகும். மாற்றிய பின்னரும் பேட்டரி விளக்கு எரியுமாயின், புதிய கருவியைக் குறைகூறுமுன் விளக்கின் இயக்கத்தை அறிதல் நலம். பழைய வகைக் கார்களில் சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து விளக்கின் வழியே ஆல்டர்னேட்டருக்கு மின்னோட்டம் செல்கிறது, விளக்கு எரிகிறது. மின்னுற்பத்தி தொடங்கியதும் விளக்கின் இருபுறமும் மின்னழுத்தம் சமமாவதால் அது அணைகிறது.

எனவே, என்ஜின் ஓடுகையில் பேட்டரி முனைகளில் அளந்து பார்க்கவேண்டும். சுமார் 14 வோல்ட் இருப்பின் மின்னூட்டம் நடைபெறுகிறது. குறை பெரும்பாலும் விளக்குக் கம்பியில் இருக்கக்கூடும். 12.5 வோல்ட்டுக்கும் குறைவெனில் பெல்ட்டின் தளர்வு, எரிந்த ஃபியூஸ், குறிப்பாகக் கடலோர ஊர்களில் உப்பேறிப் பூத்துப்போன எர்த் இணைப்பு ஆகியவற்றை முதலில் பார்க்கவேண்டும். சோதனைக்கென்று, ஓடும் என்ஜினில் பேட்டரிக் கம்பியைக் கழற்றுவது டைனமோ காலத்துப் பழக்கம். அது ஆல்டர்னேட்டரின் டயோடுகளைப் பாழாக்கிவிடக்கூடும்.