சிதறிய அணியை ஏற்றவருக்கு



ஒழுங்கு மீறலுக்காக முன்னணி ஆட்டக்காரர்கள் நீக்கப்பட்டுவிட்ட ஒரு கல்லூரி அணியின் பயிற்சிப் பொறுப்பைத் தம்பி ஏற்றிருக்கும் இவ்வேளையில், வாகை சூடிய அணிகளின் வரலாற்றைவிட, அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பயிற்சிக் கழகத்தின் அணி 1951-இல் ஒன்பது ஆட்டங்களில் ஏழில் தோற்ற பருவமே கூடுதல் கவனத்துடன் படிக்கத்தக்கது. அங்கு ஆடப்படுவது தமிழ்நாட்டில் கால்பந்து என வழங்கும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறிச் செல்ல வேண்டிய அமெரிக்கக் கால்பந்து அது. ஆட்டம் வேறாயினும் அவ்வணிக்கு நேர்ந்த இடர் தம்பியின் அணிக்கு நேர்ந்ததே.

வெஸ்ட் பாயின்டில் பொய், ஏமாற்று, திருட்டு ஆகியவற்றை விலக்குவதோடு, பிறர் செய்யும்போது அறிந்தும் வாளாவிருப்பதையும் குற்றமாகக் கருதும் நன்னடத்தை நெறி ஒன்று உண்டு. ஒரே தேர்வு மாணவர்களின் வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள்களில் நடத்தப்பட்டதால், முதலில் எழுதியவர்கள் வினாக்களைப் பின்னர் எழுதுவோருக்குச் சொல்லிவிடும் வழக்கம் பரவியிருந்தது. இது 1951-இல் வெளிப்பட்டபோது ஏறத்தாழ 90 மாணவர்கள் நீக்கப்பட்டனர். அவர்களுள் 37 பேர் கால்பந்து அணியினர். தலைமைப் பயிற்சியாளர் எர்ல் பிளேக்கின் மகனும் அவர்களுள் ஒருவர். 28 ஆட்டங்கள் தோல்வியே காணாமல் வந்து, 1950-இன் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சிக் கழகத்திடம் மட்டும் வீழ்ந்த அணி ஒரே கோடையில் கலைந்தது.

பிளேக் பதவி விலக எண்ணினார். அவர் வெஸ்ட் பாயின்டில் மாணவராக இருந்த காலத்தில் அக்கழகத்தின் தலைவராக விளங்கிய ஜெனரல் டக்ளஸ் மக்ஆர்தர், நெருக்கடியின் நடுவே களத்தை விட்டு நீங்கலாகாது என்று அறிவுறுத்தியதால் அவர் நிலைத்தார். அதன்பின் அவர் நடந்துகொண்ட முறையில் ஒரு நுட்பம் உண்டு. நீக்கப்பட்ட இளைஞர்கள் இழிந்தவர்கள் அல்லர் என்று அவர் பொதுவெளியில் அவர்களுக்காக வாதாடினார். ஆயினும் அந்த மனக்குறையை எஞ்சியிருந்தவர்களின் தலையில் சுமத்தவில்லை. இரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிது. நீக்கப்பட்டவர்களைப் பழித்துப் பேசினால் எஞ்சியவர்களின் மதிப்பு உயரும் என்று கருதுவதும், அவர்கள் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு மாலையும் பெருமூச்செறிவதும் ஒருபோலவே கேடு பயப்பவை. இரண்டையும் தம்பி பயிற்சிக் களத்திற்குள் அனுமதிக்கலாகாது.

முன்பே ஒப்புக்கொண்ட ஆட்டங்களை அந்த அணி கைவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. இரண்டாம் நிலையில் இருந்தோரும் இளையோரும் சேர்ந்த அணி ஹார்வர்டிடமும் பென்சில்வேனியாவிடமும் ஒவ்வொரு புள்ளி வேறுபாட்டில் தோற்று, கொலம்பியாவையும் சிட்டடலையும் மட்டுமே வென்று, கடற்படைக் கழகத்திடம் 42-7 என்று பெருந்தோல்வி கண்டது. அடுத்த ஆண்டு நான்கு வெற்றி, நான்கு தோல்வி, ஒரு சமன். அப்போதும் கடற்படைக் கழகத்தை வெல்ல இயலவில்லை. ஓர் அணி மீண்டெழ எவ்வளவு காலம் வேண்டும் என்று நிர்வாகத்தினர் வினவினால், தம்பி இந்த இரண்டு ஆண்டுகளைத் தயங்காமல் எடுத்துக்காட்டலாம்.

மூன்றாம் ஆண்டின் பயன் 1953 அக்டோபரில், நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் டியூக் பல்கலைக்கழகத்துடன் நடந்த ஆட்டத்தில் வெளிப்பட்டது. வெஸ்ட் பாயின்ட் 14-13 என முன்னணியில் இருந்தபோது டியூக்கின் ஓட்டக்காரர் ஒருவர் பந்துடன் பிரிந்து 70 கஜத்திற்கும் மேல் ஓடினார். அவரைப் பிடிக்க வழியில்லை என்று தோன்றிய நிலையில், வெகு பின்னால் இருந்த பாப் மிஷாக் துரத்திச் சென்று, இலக்குக் கோட்டுக்கு ஏழு கஜம் இருக்கும்போது வீழ்த்தினார். எஞ்சிய அந்த ஏழு கஜத்தை டியூக் நான்கு முயற்சிகளிலும் கடக்க இயலாதபடி அணி முழுவதும் தடுத்து நின்றது. அவ்வாண்டில் ஆட்டக்காரர்களை விருப்பம்போல் மாற்றும் வசதி விதிகளால் குறைக்கப்பட்டிருந்ததால், தாக்கி ஆடியவர்களே தடுத்தும் ஆட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணினால் அந்தத் தடுப்பின் அருமை விளங்கும். பருவத்தின் முடிவில் கடற்படைக் கழகத்தை 20-7 என வென்று, கிழக்குப் பகுதியின் சிறந்த அணிக்குரிய லாம்பர்ட் கோப்பையையும் அவ்வணி பெற்றது. மிஷாக் தொடக்கத்திலேயே நின்றிருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்; யாரும் கேட்காத அந்த ஓட்டத்தைத் தம் ஆட்டக்காரர்களிடம் உண்டாக்குவதே தம்பியின் தலையாய பணி. அதை ஓரிரு வாரப் பேச்சால் உண்டாக்க இயலாது. பயிற்சியில், பந்து தம்மை விட்டு நெடுந்தொலைவு சென்ற பின்னும் ஓடுபவர் எவர் என்று பார்த்து, அவரைப் பிறர் முன்னிலையில் பெயர் சொல்லிப் பாராட்டுவதிலிருந்து அது தொடங்கும்.

நீக்கப்பட்டவர்களுள் சிலரை முக்கிய ஆட்டங்களுக்கு மட்டும் திரும்ப அழைக்கலாம் என்ற ஆலோசனை தம்பியிடம் வரக்கூடும். கல்லூரி முறைப்படி அவர்களை மீண்டும் சேர்த்துக்கொண்டாலன்றி அதற்கு இசைதல் தகாது. அட்டவணையில் உள்ள வலிய அணிகளை நீக்கக் கோருவதும் வேண்டா. அணித்தலைவரை எஞ்சியிருப்பவர்களுள் ஒருவராகவே, பயிற்சியின் முதல் வாரத்திலேயே தேர்ந்து அறிவித்துவிட வேண்டும்.